வியாஜ்யமும் விவேகமும்

குடியானவருடைய செல்வத்தைக் குறைக்கும் காரணங்கள் எவை என்று வினவினால், மழை பொய்த்தல், பயிர்ப் பூச்சி, வட்டிக் கடன், கலியாணச் செலவு என்று பலவும் கணக்கிற்கு வரும். வியாஜ்யம் என்னும் வழக்காடுதல் அந்தக் கணக்கில் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. ஆயினும், மழை பொய்த்த வருஷத்தை அடுத்த வருஷத்து மழை ஓரளவு ஈடு செய்யக்கூடும். வழக்கில் கழிந்த வருஷங்களை எந்த மழையும் ஈடு செய்வதில்லை. கிராம புனருத்தாரண வேலையில் ஈடுபடுவோர் கிணறு, உரக்குழி, விதை, கால்நடை ஆகியவற்றைக் கவனிப்பதுபோலவே, ஊரின் பணமும் நாளும் ஒற்றுமையும் கோர்ட்டு வாசலில் எவ்வாறு கரைகின்றன என்பதையும் கவனிப்பது அவசியமாகும்.

பேராசையும் வழக்கு மோகமும் சேர்ந்து நீதி ஸ்தலங்களிலிருந்து சாமானிய விவேகத்தை ஓட்டிவிட்டன என்று பலர் குறை கூறுவதுண்டு. இக்குறையில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை ஆராய்ந்து பார்த்தல் நலம். ஏனெனில், வழக்கே கூடாது என்பது எவ்வளவு தவறோ, எதற்கெடுத்தாலும் வழக்கு என்பதும் அவ்வளவு தவறு. இரண்டையும் பிரித்தறிவதே விவேகம்.

வரப்பில் பிறந்த வழக்கு

உதாரணமாக, அடுத்தடுத்து நிலம் வைத்திருக்கும் இரண்டு பங்காளிகளை எடுத்துக்கொள்ளலாம். இருவருக்கும் பொதுவான வரப்பு 300 அடி நீளமுள்ளது. ஒருவர் ஒவ்வொரு வருஷமும் அண்டை வெட்டும்போது மண்வெட்டியைச் சற்று உள்ளே செலுத்துகிறார். சில வருஷங்களில் வரப்பு 2 அடி நகர்ந்துவிட்டது என்று மற்றவர் சொல்கிறார். வாய்ச்சண்டை கைச்சண்டையாகிறது. பின்னர் போலீஸ் ஸ்டேஷனில் புகார். அதன்பின் முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு கேட்டுப் பிராது.

சண்டைக்குரிய நிலம் எவ்வளவு என்று கணக்கிடலாம். 300 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள துண்டு 600 சதுர அடியாகும். ஒரு சென்டு என்பது 435.6 சதுர அடி. ஆகவே, வழக்குக்குரிய பூமி ஒன்றரைச் சென்டுக்கும் குறைவு. ஏக்கருக்கு 30 மூட்டை நெல் விளையும் நல்ல நஞ்சையாக இருந்தாலும், அத்துண்டில் ஒரு போகத்திற்கு அரை மூட்டைகூட விளையாது. வருஷத்திற்கு இரண்டு போகம் என வைத்து ஏழு வருஷத்திற்குக் கணக்கிட்டாலும், மொத்தம் 6 மூட்டைக்கு மேல் போகாது.

செலவின் பக்கத்தையும் பார்க்கவேண்டும். வழக்கு ஏழு வருஷம் நடந்து, வருஷத்திற்குப் பத்து வாய்தா விழுந்தால் 70 நாள் ஆகிறது. கட்சிக்காரர் தனியே போவதில்லை. மகனோ சாட்சியோ உடன் போவார். ஒரு பக்கத்திற்கு 140 நாள், இரு பக்கத்திற்கும் 280 நாள் உழைப்பு வீணாகிறது. வக்கீல் ஊதியம், ரசூம், நகல் செலவு, பஸ் சத்தம், சாப்பாட்டுச் செலவு ஆகியவை இதற்குப் புறம்பு. இத்தனைக்கும் நடுவில், நாலாவது வருஷத்தில் கோர்ட்டார் ஒரு கமிஷனரை நியமிக்கின்றனர். அவர் சர்வேயருடன் வந்து, புலப்படத்தை விரித்து, எல்லைக் கல்லைத் தேடி, சங்கிலி போட்டு அளக்கிறார். முதல் வாரத்திலேயே இரு பங்காளிகளும் சேர்ந்து மனுக் கொடுத்துச் செய்துகொண்டிருக்கக்கூடிய வேலை இதுவேயாகும்.

அளந்து முடிந்த பிறகாவது சண்டை தீர்கிறதா எனில், அதுவுமில்லை. அளவு தமக்கு எதிராக வந்தவர் ஆட்சேபணை போடுகிறார். தீர்ப்பு வந்தால் அப்பீல். அப்பீலுக்கு மேல் இரண்டாவது அப்பீல். அதற்குள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு அற்றுப்போகிறது. ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போவதில்லை. ஒன்றரைச் சென்டு நிலம் வழக்கு முடிவில் யாருக்குப் போனாலும், இவை திரும்புவதில்லை.

ஆசை பாதி, ரோஷம் பாதி

இத்தகைய வழக்கு பேராசையினால் உண்டாகிறது என்று மட்டும் சொல்லிவிட இயலாது. முதலில் மண்வெட்டியை உள்ளே செலுத்தியது ஆசை. அதன்பின் ஏழு வருஷம் வழக்கை நடத்தியது ரோஷம். “நிலம் போனாலும் போகட்டும், அவனை விடமாட்டேன்” என்னும் சொல் பிறந்தவுடன், கணக்குப் பார்க்கும் புத்தி அவ்வீட்டை விட்டு வெளியேறிவிடுகிறது. லாப நஷ்டம் பார்த்து ஒரு மாட்டை விலை பேச நாலு நாள் யோசிக்கும் குடியானவர், பத்து வருஷச் செலவுக்குரிய பிராதில் ஒரே நாளில் கையெழுத்திடுகிறார்.

ரோஷத்திற்கு நெய் வார்ப்பவரும் ஊரில் உண்டு. கோர்ட்டு, கச்சேரி, ரிஜிஸ்டர் ஆபீஸ் ஆகிய இடங்களில் பழக்கமுள்ளவர்களாகத் தம்மைக் காட்டிக்கொண்டு, வழக்கைத் தூண்டி, இரு பக்கத்திலும் தரகு பெறும் ஆசாமிகளைப் பல கிராமங்களில் காணலாம். நல்ல வக்கீல், வழக்கு நிற்காது என்றால் நிற்காது என்று சொல்லிவிடுவார். தரகர் அவ்வாறு சொல்லமாட்டார். வழக்கு நடக்கும் வரையில்தான் அவருக்குப் பிழைப்பு.

ஸிவில் வழக்கை விரைவில் வெல்லலாம் என்று கருதி, அதையே கிரிமினல் புகாராக மாற்றிக் கொடுக்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. வரப்புத் தகராறு கொலை மிரட்டலாகவும், கடன் பாக்கி மோசடியாகவும் எழுதப்படுகின்றன. பணச் சம்பந்தமான ஸிவில் விவகாரங்களைக் கிரிமினல் வழக்கின் நெருக்கடியால் தீர்த்துக்கொள்ளும் முயற்சியை ஊக்கப்படுத்தக் கூடாது என்று 2006-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகக் கண்டித்திருக்கிறது. பொய்ப் புகார் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் குடிகள் அறிந்திருத்தல் வேண்டும்.

சிவகங்கை கற்பிக்கும் பாடம்

சிறு நிலம் வைத்திருப்போர் மட்டுமே இந்த வலையில் அகப்படுகின்றனர் என்று எண்ணலாகாது. சட்டம் படிப்போர் இன்றும் படிக்கும் சிவகங்கை ஜமீன் வழக்கு இதற்குச் சாட்சியாகும். 1801-ஆம் வருஷத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியாரால் ஜமீந்தாராக அமர்த்தப்பட்ட கௌரி வல்லபத் தேவர் 1829-ஆம் வருஷத்தில் ஆண் வாரிசு இன்றிக் காலமானார். அவருடைய சகோதரர் மகன் ஜமீனைக் கைக்கொண்டார். குடும்பம் பிரியாத குடும்பம், ஆகையால் ஜமீன் ஆண் வழிக்கே உரியது என்பது அந்தப் பக்கத்தாரின் வாதம். ஜமீன் காலமானவருடைய சுயார்ஜிதம், ஆகையால் மனைவிக்கும் அவருக்குப் பின் மகளுக்கும் உரியது என்பது எதிர்ப் பக்கத்தாரின் வாதம்.

வழக்கு ஒரு கோர்ட்டிலிருந்து மற்றொரு கோர்ட்டுக்கு ஏறிற்று. வழக்காடிய விதவை காலமானார். மகளாகிய காத்தம நாச்சியார் தொடர்ந்து வழக்காடினார். கடைசியில் 1863-ஆம் வருஷத்தில், கடல் கடந்து லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஜமீந்தார் காலமாகி அப்பொழுது 34 வருஷங்கள் ஆகியிருந்தன. அத்துடனும் ஓயவில்லை, காத்தம நாச்சியாருக்குப் பின் யாருக்கு உரிமை என்ற மற்றொரு வழக்கும் பிரிவி கவுன்சில் வரை சென்று 1881-ஆம் வருஷத்தில் முடிந்தது. 1887-ஆம் வருஷத்தில் ஜமீன் ஐரோப்பியக் குத்தகைதாரர் வசம் விடப்பட்டது.

இவ்வழக்கு இரண்டு பாடங்களைக் கற்பிக்கிறது. ஒன்று, “சகோதரர்கள் பிரிந்தார்களா இல்லையா? இந்தச் சொத்து யாருடைய சம்பாத்தியம்?” என்ற கேள்வியே இத்தனை வருஷத்தையும் விழுங்கிற்று. கால் ஏக்கர் வைத்திருக்கும் வீட்டிலும் இன்று எழும் கேள்வி இதுவே. உரிய காலத்தில் சந்தேகத்திற்கு இடமின்றி எழுதி வைக்கப்பட்டிருந்தால், வழக்காட வேண்டிய விஷயம் வெகுவாகக் குறைந்திருக்கும். மற்றொன்றையும் மறக்கலாகாது. கோர்ட்டு என்று ஒன்று இல்லாதிருந்தால் அந்தப் பெண்களுக்கு ஒன்றுமே கிடைத்திராது. ஆட்சி யார் கையில் இருந்ததோ அவரிடமே ஜமீன் நின்றிருக்கும். ஆகவே, வழக்கு செல்வத்தை அழிக்கக் கூடியது. அதுவே உரிமையைக் காக்கக் கூடியதும் ஆகும்.

கிராமத்திலேயே நியாயம்

சிறு வழக்குகளைக் கிராமத்திலேயே தீர்த்துவிடவேண்டும் என்ற யோசனை புதிதன்று. தாமஸ் மன்றோ முயன்றதின் பேரில் 1816-ஆம் வருஷத்தில் சென்னை ராஜதானியில் இயற்றப்பட்ட ரெகுலேஷன்கள், கிராமத் தலைவரை முன்சீபாக்கி, 10 ரூபாய் வரையுள்ள வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் அளித்தன. கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் இடம் கொடுத்தன. பின்னர் 1889-ஆம் வருஷத்து 1-வது சட்டமாகிய கிராமக் கோர்ட்டுச் சட்டத்தின்படி, கிராம முன்சீப் 20 ரூபாய் வரையிலும், இரு கட்சியாரும் சம்மதித்தால் 200 ரூபாய் வரையிலும் விசாரிக்கலாயிற்று. பழைய கிராம உத்தியோகங்கள் தமிழ்நாட்டில் 1980-ஆம் வருஷத்தில் ஒழிக்கப்பட்டன. அவ்விடத்திற்குக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நியாயம் வழங்கும் அதிகாரம் அவருக்கு இல்லை.

அந்த ஏற்பாட்டில் நன்மை இருந்தது. நிலம், வாய்க்கால், வரப்பு ஆகியவற்றை நேரில் அறிந்தவர் விசாரித்தார், சாட்சிகள் பக்கத்துத் தெருவிலேயே இருந்தனர், செலவு சொற்பம். எனினும், அதிலிருந்த குறையை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. நியாயம் சொல்பவரும் ஊரில் ஒரு கட்சியாயிருந்தால், எளியவருக்கு நியாயம் கிடைப்பதரிது. ஊர்க்கூட்டத்தில் பெண்களுக்குப் பெரும்பாலும் பேச்சில்லை. தாழ்த்தப்பட்ட குலத்தார்க்கு நிற்கவும் இடமில்லாதிருந்தது. பெரியவர்கள் கூடி “ஊர் நன்மைக்காக விட்டுக்கொடு” என்று சொல்லும்போது, விட்டுக்கொடுக்கச் சொல்லப்படுபவர் எப்பொழுதும் வலிமையற்றவராகவே இருந்தால், அது சமாதானமாகாது.

இன்று கட்டப் பஞ்சாயத்து என வழங்குவது இக்குறையின் முற்றிய நிலையாகும். அபராதம் விதித்தல், ஊர் விலக்குச் செய்தல், பணம் வாங்கிக்கொண்டு ஒருவரை மிரட்டிக் கையெழுத்து வாங்குதல் ஆகியவற்றிற்கு எவருக்கும் அதிகாரமில்லை. 2011-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில், கட்டப் பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதமானது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் இரு கட்சியாரையும் உட்கார வைத்துப் பேசலாம். சம்மதித்தால் எழுதிக் கொடுக்கலாம். சம்மதியாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

விட்டுக்கொடுக்கலாகாத வழக்குகள்

எந்தத் தகராறில் கோர்ட்டுக்குப் போகவேண்டும், எதில் வேண்டாம் என்பதற்கு எளிய பரீட்சை ஒன்றுண்டு. விட்டுக்கொடுத்தால் இழப்பது கௌரவம் மட்டும்தானா, அல்லது வாழ்வதற்குரிய பிடிப்பா என்று கேட்டுப் பார்க்கவேண்டும். கௌரவம் மட்டுமாயின் சமாதானமே மேல். ஜீவனாம்சம், குடியிருக்கும் வீடு, கூலி, பெண்ணுக்குரிய பாகம் ஆகியவை பிடுங்கப்படுமாயின் வழக்காடுவதே விவேகம்.

பெண்களின் பாகம் இதில் முக்கியமானது. தமிழ்நாட்டில் 1989-ஆம் வருஷத்துச் சட்டத்திருத்தம், அப்பொழுது மணமாகாதிருந்த ஹிந்துப் பெண்களுக்குப் பிதுரார்ஜிதத்தில் ஆண்மக்களுக்குச் சமமான பாகம் அளித்தது. 2005-ஆம் வருஷத்து மத்தியச் சட்டத்திருத்தம், மணமான பெண்களுக்கும் அவ்வுரிமையை விரித்தது. அத்திருத்தம் அமுலுக்கு வந்த தேதியில் தகப்பனார் உயிருடன் இருந்திருக்கவேண்டிய அவசியமில்லை என்று 2020-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு முடிவு செய்தது. இத்தனைக்கும் பிறகு, “சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று” என்று சொல்லி, ஒரு புடவையைக் கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் ஒழியவில்லை. பாகம் கேட்கும் சகோதரியைப் பேராசைக்காரி என்று ஊரார் தூற்றுகின்றனர். அவ்விடத்தில் பேராசை யாருடையது என்பதை யோசித்துப் பார்த்தல் நலம்.

இத்தகையோருக்குப் பணமில்லை என்பது தடையாகாது. 1987-ஆம் வருஷத்திய சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், அங்கஹீனர், தொழிலாளர், காவலில் இருப்போர், குறிப்பிட்ட வரும்படிக்குக் கீழ்ப்பட்டோர் ஆகியோர் இலவசமாக வக்கீல் உதவி பெறலாம். பெண்களுக்கு வரும்படி வரம்பும் இல்லை. தாலூகா தலைநகரிலுள்ள கோர்ட்டில் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. அங்கு மனுக் கொடுத்தால் போதும்.

மேலும், பொறுமை வேறு, அசட்டை வேறு. பிறர் அனுபவத்திலுள்ள நிலத்தைச் சொந்த பாத்தியதையின் பேரில் மீட்கச் சாதாரணமாகப் பன்னிரண்டு வருஷத்திற்குள் வழக்குத் தொடரவேண்டும் என்பது காலவரையறைச் சட்டத்தின் விதி. சமாதானம் பேசிக்கொண்டே காலத்தைக் கடத்தி, கெடு முடிந்த பிறகு கைவிரிப்பவரும் உண்டு. பேச்சு நடக்கும்போதே கெடுவின் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

தாமதம் யாரால்?

வழக்கு நீள்வதற்குக் குடிகளின் பிடிவாதம் ஒன்றே காரணம் என்று சொல்லுதல் முறையன்று. 2023-ஆம் வருஷத்தில் இந்தியாவின் ஜில்லாக் கோர்ட்டுகளிலும் அவற்றிற்குக் கீழ்ப்பட்ட கோர்ட்டுகளிலும் தேங்கியிருந்த வழக்குகள் 4 கோடிக்கு மேற்பட்டவை. ஜனத்தொகையில் 10 லட்சம் பேருக்குச் சுமார் 10 நீதிபதிகளே உள்ளனர், இதை 50 ஆக உயர்த்தவேண்டும் என்று 1987-ஆம் வருஷத்திலேயே சட்டக் கமிஷன் சிபாரிசு செய்தது. அந்த அளவு இன்னும் எட்டப்படவில்லை. வழக்காடுவோரில் சர்க்காரே மிகப் பெரிய கட்சிக்காரர் என்பதும் பிரசித்தம். ஆகவே, உண்மையான உரிமை தேடி வருபவரும் வம்புக்கு வருபவரும் ஒரே வரிசையில் நிற்கவேண்டியிருக்கிறது. வம்பு வழக்கு ஒன்று சேர்ந்தால், ஜீவனாம்சம் கேட்டு நிற்கும் ஒரு பெண்ணின் வாய்தா பின்னுக்குத் தள்ளப்படுகிறது. தம் காசைத் தாமே செலவு செய்து வழக்காடுவதால் பிறருக்கு நஷ்டமில்லை என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

வம்பு வழக்கைத் தண்டிக்கச் சட்டத்தில் வழியில்லாமலில்லை. பொய்யானது என்று தெரிந்தே தொடுத்த வழக்குக்கு ஈட்டுத்தொகை விதிக்க ஸிவில் நடைமுறைச் சட்டத்தின் 35-ஏ பிரிவு இடம் தருகிறது. ஆனால் சாதாரண வழக்குகளில் அத்தொகை 3,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. அன்றியும், 1949-ஆம் வருஷத்திய சென்னை வம்பு வழக்குத் தடைச் சட்டம் ஒன்றுண்டு. நியாயமான காரணமின்றி வழக்குத் தொடுப்பதையே வழக்கமாகக் கொண்டவர் என்று ஹைகோர்ட்டார் ஒருவரைப் பிரகடனம் செய்துவிட்டால், அதன்பின் அனுமதி பெறாமல் அவர் வழக்குப் போட முடியாது. தண்டனை சிறிது, சட்டம் அரிதாகவே வழங்குவது ஆகிய காரணங்களால், வம்பர்களின் பயம் தெளிந்திருக்கிறது. ஆகவே தண்டனையைக் காட்டிலும் சமாதானத்தின் வழியே குடிகளுக்கு அதிகப் பலன் தரக்கூடியது.

சமாதானத்திற்குத் திறந்துள்ள வாசல்கள்

பிராது போட்டாயிற்று, இனித் தீர்ப்பு வரை போய்த்தான் தீரவேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. ஸிவில் நடைமுறைச் சட்டத்தின் 89-வது பிரிவு 2002-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் புதிய உருவில் அமுலுக்கு வந்தது. ராஜியாகக் கூடிய வழக்கென்று தோன்றினால், கோர்ட்டார் அதை மத்தியஸ்தம், லோக் அதாலத் முதலிய வழிகளுக்கு அனுப்பலாம். இந்தத் திருத்தத்தைச் சேலம் வக்கீல் சங்கத்தார் சுப்ரீம் கோர்ட்டில் எதிர்த்தனர். திருத்தம் செல்லும் என்று முடிவு செய்த சுப்ரீம் கோர்ட்டு, அதைச் சரிவர நடத்துவதற்கு வேண்டிய விதிகளுக்கும் வழி செய்தது. 2005-ஆம் வருஷத்தில் சென்னை ஹைகோர்ட்டைச் சேர்ந்து மத்தியஸ்த நிலையம் ஏற்பட்டது. 2023-ஆம் வருஷத்தில் மத்தியஸ்தத்திற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்பவர் அல்லர். இரு கட்சியாரையும் சேர்த்தும் தனித்தனியேயும் கேட்டு, அவரவர்க்கு உண்மையில் வேண்டியது யாது என்பதை வெளிக்கொணர்பவர் அவர். கோர்ட்டுத் தீர்ப்பில் வரப்பு இங்கே அல்லது அங்கே என்று மட்டும் சொல்லலாம். மத்தியஸ்தத்திலோ, வரப்பு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அதற்குப் பதில் வண்டிப்பாதை விடப்படட்டும், கோடையில் ஒரு முறை தண்ணீர் அதிகமாகக் கொடுக்கப்படட்டும் என்று இருவருக்கும் உதவும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். அங்கு பேசியது வெளியே போவதில்லை. ராஜியாகாவிட்டால் வழக்கு முன்போல் நடக்கும்.

லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் ரசூம் இல்லை. கோர்ட்டில் நடக்கும் வழக்கையும், இன்னும் பிராதாகாத தகராறையும் அங்கே கொண்டுபோகலாம். அங்கு ஏற்படும் முடிவு ஸிவில் கோர்ட்டு டிக்ரிக்குச் சமம்; அதன் மேல் அப்பீல் இல்லை. அப்பீல் இல்லாத காரணத்தினாலேயே, கையெழுத்திடுமுன் ஒவ்வொரு ஷரத்தையும் படித்தோ, படிக்கச் சொல்லிக் கேட்டோ தெரிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

கட்டிய ரசூம் போய்விட்டதே என்ற கவலையும் வேண்டுவதில்லை. லோக் அதாலத்தில் தீர்ந்த வழக்கின் ரசூம் திருப்பித் தரப்படும். கோர்ட்டார் அனுப்பாமல், கட்சியார் தாமாகவே வெளியில் பேசி ராஜியாகிக்கொண்டாலும், தமிழ்நாட்டு ரசூம் சட்டத்தின் 69-ஏ பிரிவின்படி ரசூம் திரும்பப் பெறலாம் என்று 2021-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு முடிவு செய்திருக்கிறது. கோர்ட்டின் பொழுதை மிச்சப்படுத்தியவர் நஷ்டப்படலாகாது என்பதே இதன் கருத்து.

வழக்கு முளைக்கு முன்னே

இவை யாவும் நோய் வந்தபின் செய்யும் வைத்தியம். வருமுன் காக்கும் வழிகள் இதனினும் எளியவை, செலவும் குறைவு.

அளந்துகொள்ளுதல்: நிலம் வாங்கும்போதும், பாகம் பிரிக்கும்போதும், வரப்பில் சந்தேகம் தோன்றியவுடனும் கட்டணம் செலுத்தி சர்வேயரைக் கொண்டு அளக்கச் செய்யவேண்டும். பக்கத்து நிலக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் எதிரிலேயே அளப்பது நன்று. எல்லைக் கற்களைப் பிடுங்காமலும் புதைந்துபோகாமலும் காப்பது நிலத்துக்காரரின் கடமை. 1923-ஆம் வருஷத்திய சர்வே எல்லைச் சட்டம் இவற்றிற்கெல்லாம் ஆதாரமாகும்.

எழுதிக்கொள்ளுதல்: பாகப்பிரிவினையை வாய்ப்பேச்சில் நிறுத்தலாகாது. பத்திரம் எழுதி, வரைபடம் சேர்த்து, ரிஜிஸ்டர் செய்துவிடவேண்டும். அத்துடன் நிற்காமல் பட்டாவையும் பிரித்துக்கொள்ளவேண்டும். தாத்தா பெயரில் பட்டா இருக்கப் பேரன்மார் நாலு பேர் உழும் நிலமே வழக்கின் விளைநிலமாகும். பெண்மக்களுக்குரிய பாகத்தை அப்பத்திரத்திலேயே கண்டுவிட்டால், பிற்காலத்தில் பத்திரமே ரத்தாகும் அபாயம் நீங்கும்.

கிணற்றையும் பாதையையும் மறவாதிருத்தல்: நிலத்தை அங்குல அளவில் பிரிப்பவர்கள் கிணற்றைப் பற்றி, “பொதுவில் அனுபவிக்கவேண்டியது” என்று ஒரே வரியில் எழுதிவிடுகின்றனர். யாருக்கு எந்த நாள் முறை, மோட்டார் பழுதானால் செலவு எப்படிப் பங்கு, தூர்வாரும் கூலி யார் கொடுப்பது என்பவற்றை விவரமாக எழுதவேண்டும். மின்சார இணைப்பு ஒருவர் பெயரில் மட்டும் இருக்குமாயின், மற்றவர்களுக்கும் அதில் உரிமை உண்டென்று பத்திரத்தில் காட்டவேண்டும். உள்ளே இருக்கும் நிலத்திற்கு வண்டியும் டிராக்டரும் போகும் பாதையின் அகலத்தை அடிக் கணக்கில் குறிப்பிடவேண்டும்.

ரசீது வாங்குதல்: கடன் திருப்பினாலும், குத்தகை கொடுத்தாலும், ரசீது கேட்பதை அவமரியாதையாகக் கருதலாகாது. ரசீது கேட்க வெட்கப்பட்டவர் பின்னர் சாட்சி தேடி அலைகிறார்.

கோபம் ஆறும் வரை காத்திருத்தல்: சண்டை நடந்த அன்றே பிராதில் கையெழுத்திடலாகாது. ஒரு மாத காலம் கழித்து, வழக்கின் விஷயமான பொருளின் மதிப்பு இவ்வளவு, ஆகும் செலவு இவ்வளவு, போகும் நாள் இவ்வளவு என்று ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டிலுள்ள பெண்களையும் வைத்துக்கொண்டு யோசிக்கவேண்டும். வழக்குச் செலவுக்குத் தாலி முதற்கொண்டு அடகு போவது அவர்களுடைய நகையேயாதலால், அவர்கள் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தல் நியாயமாகும். கெடு நெருங்கிய வழக்குக்கும் உயிருக்கு ஆபத்தான விஷயத்திற்கும் இந்தத் தவணை பொருந்தாது.

நீதி ஸ்தலத்தில் விவேகம் குறைந்துவிட்டதென்பது முழு உண்மையன்று. சட்டம் செய்தவர்கள் சமாதானத்திற்குப் பல வாசல்களைத் திறந்து வைத்திருக்கின்றனர். எளியவருக்கு இலவசமாக வக்கீலையும் அளித்திருக்கின்றனர். வாசல் திறந்திருப்பது தெரியாமல் சுவரில் முட்டிக்கொள்வதே இன்று அதிகம். ஒவ்வொரு கிராமத்திலும் படித்தவர் ஒருவராவது இவ்விஷயங்களை அறிந்து, பங்காளிகள் மண்வெட்டியுடன் நிற்கும்போது முதலில் சர்வேயரை அழைக்கச் சொல்வாராயின், எத்தனையோ குடும்பங்களின் நிலமும் உறவும் பிழைக்கும். பாகம் மறுக்கப்பட்டு நிற்கும் சகோதரிக்குச் சட்டப்பணிகள் குழுவின் வாசலைக் காட்டுவதும் அவருடைய கடமையே.